நாகலெட்சுமி பேரில் ஒரு வலி

பதினோராம் அத்தியாயம்

பழுப்புப் புட்டி காலியான இடத்தில் சென்ற வாரம் விட்டிருந்தோம். கவிழ்த்துப் பார்த்து, அடியில் தட்டி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு நாகலெட்சுமி அதை அடுப்படியில் வைத்தாள் அல்லவா, இன்னும் அங்கேதான் இருக்கிறது. வெறும் புட்டியை எறிய அவளுக்கு மனம் வரவில்லை.

நடுவில் ஓரிரு வாரம் தவறவிட்டவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அந்தப் புட்டி திருச்சியில் ஒரு டாக்டர் கொடுத்தது. அவள் புருஷன் சிவசாமிக்கு. அவள் தகப்பன் வீரய்யாவின் சொந்த அக்காள் மகன் அவன். நாகலெட்சுமிக்கு அத்தை மகன். துறையூர்ப் பக்கத்திலிருந்து முறையாக விசா வாங்கி, கப்பலேறி இலங்கைக்கு, இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, மாமன் மகளைக் கட்டிக்கொண்டவன். தாய் செத்துக் காரியம் செய்ய ஊருக்குப் போன இடத்தில், சும்மா இருக்காமல் கிணறு வெட்ட இறங்கினான். கயிறு அறுந்துவிட்டது. இடுப்பில் பிடித்த வலி இடது காலின் பெருவிரல் வரைக்கும் இறங்கி, அங்கேயே குடியிருக்கிறது. வந்தால் ஆளை முறுக்கிப் போட்டுவிடும். மாத்திரை உள்ளே போனால்தான் அடங்கும்.

புட்டியோடும் டாக்டர் சீட்டோடும்தான் திரும்பி வந்தான். ஹட்டனில் மருந்துக்கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தியா டாக்டர் எழுதியது இந்த நாட்டில் செல்லாது, இங்கே உள்ள டாக்டர் எழுதித் தரவேண்டும் என்றார். சரி, இங்கே உள்ளவரிடமே போவோம் என்று இருந்தபோது விசா முடிந்தது. நீட்டித் தர முடியாது என்று கொழும்பு சொல்லிவிட்டது. கப்பலுக்கு டிக்கெட் எடுத்து வந்தவனை அன்றிலிருந்து கள்ளத்தோணி என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வலி எங்கே என்று கேட்பதற்கு முன்னால் விசா எங்கே என்று கேட்பார்கள்.

திரும்பிப் போய்விடலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போனால் வர முடியாது. நாகலெட்சுமி பிறந்தது இந்தத் தோட்டத்தில். அவளுடைய பிரஜாவுரிமை மனு எந்த மேசையில் கிடக்கிறதோ தெரியாது. அவனோடு கப்பலேறினால் தகப்பன் முகத்தை இனிப் பார்க்க வாய்க்காது; ஏறாவிட்டால் புருஷன் முகத்தைப் பார்க்க வாய்க்காது.

ஆகவே சிவசாமி பகல் முழுதும் பரண்மேல் கிடக்கிறான். விடியும் முன்பே மேலே ஏறி, ஏணியையும் இழுத்துக்கொள்வான். அவனை மறைத்து மிலாறுக் கட்டுகள் அடுக்கியிருக்கும். கவ்வாத்து வெட்டும்போது தேயிலைச் செடியிலிருந்து கழிக்கிற குச்சிகள்தான் மிலாறு. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் எல்லாவற்றிலும் அதுதான் விறகு. வீரய்யா கவ்வாத்துக்காரர். மருமகனுக்கு முன்னால் அந்தச் சுவரை அடுக்கியவரும் அவர்தான்.

அப்படி அடுக்கியவர்தான் திங்கட்கிழமை விடியற்காலையில், பிளேன்டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, மகளிடம் இதைச் சொன்னார்.

"டயகமப் பக்கம் போன வாரம் பொலிஸ் வந்து ரெண்டு பேரைப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. அடுத்து இங்கதான். வந்தாங்கன்னா நானே பரணைக் காட்டிருவேன், லெச்சுமி. ஏசுறதுன்னா ஏசிக்க. பிடிச்சு ஊருக்கு அனுப்பினா அங்க அவனுக்கு மருந்தாவது கெடைக்கும். எங்க அக்கா மகன் எம் பரண்மேல கெடந்து துடிச்சுச் சாகுறதை நான் பாக்க மாட்டேன்."

கோபத்தில் சொல்லியிருந்தால் அவள் பயந்திருக்கமாட்டாள். அப்பா கோபம் வெயில் வருவதற்குள் ஆறிவிடும். அவர் யோசித்துச் சொன்னார்.

பேர் கொடுக்கிற பெரட்டுக்கு அவள் புறப்படும்போது பரணிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டான் சிவசாமி.

"இன்னிக்கு எப்படியாச்சும் மாத்திரை கொண்டாந்துரு. சத்தம் போடாம இருக்க முடியும்னு தோணலை எனக்கு."

அந்த லயத்தில் நடுச்சுவர்கள் கூரை வரைக்கும் எழும்பவில்லை. ஒரு காம்பராவில், அதாவது ஓர் அறை வீட்டில், இருமினால் கடைசிக் காம்பராவில் குழந்தை விழித்துக்கொள்ளும். மாத்திரை அவனுக்கு நிவாரணம் மட்டுமில்லை. அவனைக் காப்பாற்றி வைத்திருந்த மௌனமே அந்த மாத்திரைதான்.

*

மாத்திரை வந்த வழியையும் சொல்லவேண்டும்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் பேர் பதிந்தவர்களுக்குத்தான் மருந்து. எனவே, புட்டி சீக்கிரம் காலியாகாதிருக்க, புருஷனின் வலியைப் பல மாதமாகவே நாகலெட்சுமி தன் பேரில் வாங்கிக்கொண்டாள். இடுப்பில் பிடிக்குதுங்கய்யா, பெருவிரல் வரைக்கும் இழுக்குதுங்கய்யா என்று அவன் சொன்னதையெல்லாம் அப்படியே போய் ஒப்பித்தாள். மருந்து கொடுக்கிற அம்பலவாணர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டமே அவரை டாக்டரய்யா என்றுதான் கூப்பிடும். நல்ல மனிதர், ஆனால் கண்டிப்பு. இந்த மாத்திரையைக் கொண்டுபோய் விற்பவர்கள் உண்டு என்பதால், அவர் கண்முன்னாலேயே விழுங்கவேண்டும்.

நாகலெட்சுமி விழுங்கமாட்டாள். நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தண்ணீரை மட்டும் குடிப்பாள். பிறகு வாயை இறுக்க மூடிக்கொண்டு லயத்துக்கு ஏறுவாள். வழியில் யார் கூப்பிட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாள். டிஸ்பென்சரிக்குப் போய்வரும் நாளில் நாகலெட்சுமிக்குத் தலைக்கனம் வந்துவிடுகிறது என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் ஒரு பேச்சு உண்டு. பாதி கரைந்த மாத்திரையை அவள் புருஷன் கையில் துப்புவாள். அவன் அதைக் கும்பிட்டுவிட்டுப் போட்டுக்கொள்வான்.

இத்தனை கெட்டிக்காரி முந்தின நாள் ஒரு காரியம் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை. அன்று பறிக்கிற கொழுந்துக்கு அன்றே கையில் காசு. கைக்காசு என்று பேர். வாரக்கணக்கில் மூடியிருந்த பனி விலகி, மலை முழுதும் வெயில். செங்குத்து மலையில் தளிர் நிரம்பி நின்றது. எல்லாப் பெண்களும் ஏறினார்கள். அவளும் ஏறினாள். முதல் ஆளாக ஏறினாள். கை ஓடுகிற ஓட்டத்தில், தான் ஒரு நோயாளி என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. வலி அவள் பேரில் இருந்ததே தவிர உடம்பில் இல்லையே.

அந்த மலைக்கு நேர் எதிரில் அம்பலவாணர் வீட்டு ஜன்னல்.

*

பகல் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு அவள் டிஸ்பென்சரிக்குப் போனாள். அம்பலவாணர் வழக்கம்போல மாத்திரையைக் கொடுத்தார். தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"வாயைத் திற, பிள்ளை."

திறந்தாள்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினாள். அவர் கையை நீட்டினார். அவள் மாத்திரையை அந்தக் கையில் துப்பினாள். புருஷனுக்குக் கொடுக்கிற அதே விதமாகத் துப்பினோமே என்று அந்த நேரத்திலும் தோன்றி வெட்கம் பிடுங்கித் தின்றது.

நேற்று அவள் மலை ஏறிய அழகை ஜன்னலில் நின்று பார்த்ததாகச் சொன்னார். இத்தனை மாதம் கொடுத்தது எங்கே போயிற்று, யாருக்கு விற்கிறாய் என்று கேட்டார். விற்கவில்லை என்று அவள் கந்தசாமி மேல் சத்தியம் செய்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அப்ப ஆருக்கு நோகுது? என்னட்டைச் சொல்லு. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். ஆளைப் பாராமல் இந்த மருந்தை நான் குடுக்கேலாது. கூடிப்போனால் மூச்சு நிண்டுபோம், விளங்குதோ?"

சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர் உத்தியோகத்தர். துரை கூப்பிட்டால் பங்களாவுக்குப் போகிறவர். பொலிஸ் வந்தால் அவர் வீட்டில்தான் தேத்தண்ணீர் குடிக்கிறார்கள். ஆகவே அவள், எனக்குத்தானுங்கய்யா வலி என்று சொன்னதையே திரும்பச் சொன்னாள். அவர் மாத்திரையைக் குப்பையில் போட்டார்.

அன்று அவள் லயத்துக்கு ஏறும்போது வாய் காலியாக இருந்தது. வழியில் கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கலாம். அன்றும் தலையை மட்டும் ஆட்டினாள்.

*

காம்பராவுக்குள் நுழைந்து அவள் கூடையை இறக்குவதற்குள், பக்கத்துக் காம்பரா வீரம்மாளின் குரல் சுவருக்கு மேலாக வந்தது.

"லெச்சுமி, கீழ் ரோட்டுல பொலிஸ் ஜீப்பு நிக்குது."

வீரய்யா கவ்வாத்து முடித்து வந்து, சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிசைந்த கை அப்படியே நின்றது. பரண்மேலிருந்து, மருந்து கிடைத்ததா என்று சிவசாமி கேட்டான். அவள் பேசாமல் நின்றதிலிருந்து அவன் தெரிந்துகொண்டான். தலைத்துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொள்கிற ஓசை கேட்டது.

இன்ஸ்பெக்டரும் இரண்டு பொலிஸ்காரர்களும் வந்தார்கள். எவரோ காதில் போட்டிருக்கவேண்டும். வேறெங்கும் நிற்காமல் நேரே இந்த லயத்துக்கே வந்தார்கள். ஒவ்வொரு காம்பராவிலும் பேர் கேட்டு, ஆளைப் பார்த்து, டோர்ச் அடித்து, மெதுவாக வந்தார்கள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஒருவரும் கத்தவில்லை.

இன்ஸ்பெக்டர் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றார். சிங்களவர், நல்ல உயரம். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, தெரிந்த தமிழில் வீரய்யாவிடம் கேட்டார்.

"இங்க எத்தனை பேர் இருக்கிறது?"

"நான் இருக்கேன். எம் மக இருக்கா."

"வேற யாரு?"

வீரய்யா பதில் சொல்லவில்லை. எச்சில் கையோடு நின்றார். அவர் கண் பரண் பக்கம் போகிறதா என்று நாகலெட்சுமி பார்த்தாள். காலையில் அவர் சொன்னது காதுக்குள் கேட்டது. அப்பா, வேணாம்பா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

அப்போது பரணிலிருந்து தூசி விழுந்தது.

அந்தத் தூசியை அவளுக்குத் தெரியும். வலி புறப்படும்போது அவன் இடது கால் தானாக நடுங்கும். பலகை நடுங்கும். பலகை இடுக்கிலிருந்து மிலாறுத் தூள் கோடு போல இறங்கும். அதற்கு அடுத்தது குரல்தான்.

யோசிக்க நேரமில்லை. நாகலெட்சுமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் விழுந்தாள். விழுந்து, தொண்டை கிழியக் கத்தினாள். எந்த வலியை இத்தனை மாதமாகத் தன் பேரில் வாங்கினாளோ, அந்த வலியை இப்போது அவள் கத்தினாள். மேலே துணிக்குள்ளிருந்து வந்த முனகல் அந்தச் சத்தத்தில் அமிழ்ந்துபோயிற்று. அவன் அடங்கினால் அவள் அடங்கினாள். தூசி இறங்கினால் மறுபடி கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் ஓரடி பின்வாங்கினார். பெண்பிள்ளை உருண்டு புரளும் காம்பராவுக்குள் நுழைய அவருக்குக் கூச்சம். வாசலில் நின்றபடியே டோர்ச்சைப் பரண்மேல் அடித்தார். மிலாறுக் கட்டுகள்தான் தெரிந்தன. அவளுக்கு என்ன வருத்தம், என்ன நோவு என்று கேட்டார். டிஸ்பென்சரியில் கேட்டால் தெரியும், வெகுநாளாக மருந்து எடுக்கிறாள் என்று வீரம்மாள் தன் இஸ்தோப்பிலிருந்து பதில் சொன்னாள். அப்படியானால் அவரைக் கூட்டி வா என்று இன்ஸ்பெக்டர் ஒரு பொலிஸ்காரரை அனுப்பினார்.

அதை வீரம்மாள் நல்லதற்குத்தான் சொன்னாள். ஆனால் நாகலெட்சுமி நோயாளி இல்லை என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே வெளியாள் அந்த மனிதர்தான்.

*

அம்பலவாணர் மூச்சிரைக்க ஏறி வந்தார். சாவுக்கும் பிரசவத்துக்கும் தவிர அவர் லயத்துக்குள் கால் வைத்ததில்லை. பையைத் திறந்துகொண்டே அவள் பக்கத்தில் குந்தினார். அவள் கத்தினாள். அவள் கத்தி முடித்து மூச்சு வாங்கிய இடைவெளியில், மேலே ஒரு மூச்சு தேம்பி அடங்கியது.

அம்பலவாணர் தலையை நிமிர்த்தவில்லை. கை மட்டும் பைக்குள் நின்றுபோயிற்று.

இவளுக்கு உண்மையில் வருத்தமா, நடிப்பா என்று இன்ஸ்பெக்டர் வாசலிலிருந்து இங்கிலீஷில் கேட்டார். நாகலெட்சுமிக்கு அந்த மொழி தெரியாது, ஆனால் கேள்வி விளங்கிற்று. டாக்டரய்யாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. அவரும் பயந்திருந்தார். தெரிந்தே ஒளித்தால் வேலை போகும், மறியலில் போட்டுப் பூட்டியும் வைப்பார்கள்.

உண்மைதான், கடுமையான நரம்பு வலி, ஊசி போடவேண்டும் என்று அவர் இங்கிலீஷில் பதில் சொன்னார். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கண்ணாடிக் குழாயின் கழுத்தை உடைத்தார். ஊசியை அவள் புஜத்தில் ஏற்றும்போது அவள் காதுக்குக் குனிந்தார்.

"இது வெறும் தண்ணி, பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு படு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நன்றி பெருகி அழுகையாக வந்தது. அதையும் விழுங்கினாள்.

அம்பலவாணர் எழுந்து, ஒரு சிறு காகிதப் பொட்டலத்தை வீரய்யாவின் உள்ளங்கையில் வைத்தார். நித்திரையால் எழும்பினால் ஒன்று கொடு, பிறகு பொழுதுபட்டபின் ஒன்று, அதற்கு மேல் கூடாது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். கையை விடுவதற்கு முன்னால் வாய்க்குள் இன்னொன்றும் சொன்னார்.

"நோகிற ஆளுக்குக் குடு."

இன்ஸ்பெக்டருக்குத் திருப்தி. இனி இவள் தூங்குவாள்தானே என்று கேட்டார். தூங்குவாள் என்றார் அம்பலவாணர். மேல் லயத்தைப் பார்த்துவிட்டு வரும்வரை இந்த லயத்தில் ஒரு கதவும் சாத்தக்கூடாது, ஒருவரும் இடம் மாறக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் உத்தரவு போட்டார். ஒரு பொலிஸ்காரரை அந்த இஸ்தோப்பிலேயே உட்காரவைத்துவிட்டு, அம்பலவாணரையும் கூட்டிக்கொண்டு மேலே போனார்.

நல்லெண்ணத்தில் செய்த காரியம்தான். ஆனால் அதில் என்ன நேர்ந்துவிட்டது என்பது நாகலெட்சுமிக்கு அப்புறம்தான் உறைத்தது. ஊசி போட்டவள் கத்தமாட்டாள். கத்தினால் ஊசி பொய், வலி பொய், எல்லாம் பொய். மருந்து அப்பாவின் கைக்குள் இருக்கிறது. மருந்து வேண்டியவன் கையெட்டும் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறான். நடுவில் திறந்த கதவும், அதில் ஒரு ஆளும்.

அவள் அசையாமல் கிடந்தாள். ஈ ஒன்று வாயோரம் உட்கார்ந்தது. அதையும் விரட்டவில்லை. கடவுளே, ஜீப் போகிற வரைக்கும் அவனைத் தூங்கவை என்று வேண்டிக்கொண்டாள்.

மூடிய இமைமேல் மெல்லத் தூசி விழுந்தது.

முதலில் கொஞ்சம். பிறகு நிறைய. பலகை கிரீச்சிட்டது. அவன் துணியைக் கடிக்கிறான், கடிக்கிறான், முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. பல்லைக் கடித்து மூடினாள். மேலே அந்த முனகல் எழுந்தது. இந்தமுறை அதை மூட ஒரு சத்தமும் இல்லை.

இஸ்தோப்பில் பூட்ஸ் கால்கள் எழுந்தன. பொலிஸ்காரர் வாசலில் வந்து நிற்பது வெளிச்சம் மறைந்ததில் தெரிந்தது.

"யாரு?" என்று வீரய்யாவிடம் கேட்டார்.

முன்பு கேட்ட கேள்விதான். அதற்கு இன்னும் அவர் பதில் சொல்லியிருக்கவில்லை. மருந்தும் கையில் இருக்கிறது. பரணைக் காட்டினால் அக்காள் மகனுக்கு இந்த நிமிஷமே அதைக் கொடுத்துவிடலாம். நாகலெட்சுமி அப்பாவின் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். தன் உயிர் அந்த மூச்சில் தொங்குவது போல இருந்தது.

பிறகு ஏதோ பாரமாக அவள் பக்கத்தில் விழுந்தது. வீரய்யா. அவள் தலைமாட்டில் மண்டியிட்டு, நெற்றியைத் தரையில் மோதி, அவர் பெருங்குரலில் முனகினார். ஆண்பிள்ளையின் முனகல், பரணிலிருந்து வந்த அதே கனம், அதே இழுப்பு. அது மகளே, எம் மகளே என்ற அழுகையாக மாறி, லயம் முழுவதும் கேட்டது.

பொண்டாட்டி பேச்சியம்மாளைக் குழிக்குள் இறக்கியபோதுகூட அழாதவர் அவர். வீரம்மாள் ஓடி வந்து வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொலிஸ்காரர் திகைத்துப்போனார். உள்ளே வந்து வீரய்யாவின் தோளைத் தொட்டு, அழவேண்டாம், பிள்ளை தூங்குகிறது, சுகமாகிவிடும் என்று அரைத் தமிழில் ஆறுதல் சொன்னார். திரும்பிப்போய் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். மேலே முறுக்கல் தணிந்து அடங்கியது.

நாகலெட்சுமி இமையிடுக்கில் பார்த்தாள். அப்பாவின் முகம் நனைந்திருந்தது. பொட்டலம் இருந்த கை இறுகி மூடியே இருந்தது. மேல் லயத்தில் இன்னும் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜீப் கீழேதான் நின்றது.

அவள் கன்னத்தில் மறுபடியும் ஒரு துளித் தூசி விழுந்தது.

வீரய்யா அதைப் பார்த்தார். விரலால் துடைத்துவிட்டார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையை மெல்லச் செருமிக்கொண்டார்.